மேற்கே பார்த்து நின்றவர்கள்

அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எங்கள் ஊரில் முதலில் பார்த்தவள் ஹத்லா. தொலைக்காட்சிக்காரர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிட்டாள். கோடை வந்துவிட்டால் ஃபுராத் ஆற்றங்கரையில் வீட்டுக்குள் எவனும் தூங்க முடியாது. கட்டில், தண்ணீர்ப் பானை, கொசுவலை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏறிவிடும். என் மாடிக்கும் ஹத்லா வீட்டு மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர்தான். அவள் கட்டிலைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டிப் போடுவாள், நான் இந்தப் பக்கம் ஒட்டிப் போடுவேன். என் வீட்டுக்காரர் குறட்டையை அவள் எண்ணுவாள், அவள் பெருமூச்சை நான் எண்ணுவேன்.

"அக்கா, தஹாம் வீட்டு டிஷ்ஷுக்குப் பின்னால ஒண்ணு வருது பாரு" என்றாள் ஒரு நாள். "மொதல்ல நான் தூங்கப்போற நேரத்துக்கு வந்துச்சு. இப்ப மாவு பெசைஞ்சு மூடி வச்சுட்டு மேல ஏறும்போதே வந்து நிக்குது. நாளுக்கு நாள் பெருசாகுது."

"அது பாட்டுக்கு வருது. நீ தூங்கு."

"இந்த ஊர்ல என்னைத் தேடி வர்றது அது ஒண்ணுதான். தூங்கச் சொல்றியே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஹத்லா எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு அவள் பெரியப்பா மகன் தஹாமின் கழுத்தைத் திருகவேண்டும் போல இருக்கும்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள முதல் உரிமை அவள் பெரியப்பா, சித்தப்பா மகனுக்கு. அவன் கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொள்ளாமல், ஆண்கள் கூடியிருக்கும் கூடத்தில் எழுந்து நின்று, 'இவள் மேல் என் தடை இருக்கிறது' என்று ஒரு வார்த்தை போட்டும் வைக்கலாம். அதற்கு ஹியார் என்று பெயர். போட்டவன் எடுக்கிற வரைக்கும் அவளை வேறு யாரும் கேட்டு வரமுடியாது. மீறி வந்தால் துப்பாக்கிதான் பதில் சொல்லும். எந்தக் கோர்ட்டிலும் எழுதாத தடை என்பதால் எந்தக் கோர்ட்டிலும் போய் முறையிடவும் வழியில்லை.

பத்தொன்பது வயதில் ஹத்லாவை தஹாம் கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். அவள் வாப்பா மகளுக்காகக் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற மனிதர். அவரும் மாட்டேன் என்றார். தஹாம் நேரே கூடத்துக்குப் போய்த் தடையைப் போட்டான். பிறகு ஹஸகா பக்கத்திலிருந்து கஸ்னாவைக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு பிள்ளைகள் பெற்று, மகளைக் கட்டிக்கொடுத்து, மகன் ஃபவாஸைப் பட்டாளத்துக்கும் அனுப்பிவிட்டான். தடை மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது.

நடுவில் ஒருவன் தைரியமாகப் பெண் கேட்டு வந்தான். அவன் டிராக்டரின் நாலு டயரையும் தஹாம் சுட்டான். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஹத்லாவின் வாப்பா மௌத்தானார். வீடு அவள் தம்பி கலஃபின் வீடானது. தம்பி பெண்டாட்டியின் பிள்ளைகளை இவள் குளிப்பாட்டி, சீவி, பள்ளிக்கு அனுப்பி, அதில் மூத்தவளுக்குக் கல்யாணமும் பண்ணி வைத்தாள். அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு மருதாணி வைத்தவளும் இவள்தான். 'இந்தப் பக்கத்துல ரெண்டு தொங்குது, ஒண்ணு ஆத்துத் தொங்குபாலம், இன்னொண்ணு ஹத்லா' என்று டவுனுக்குப் போகிற பையன்கள் கேலி பேசுவார்கள். அவள் காதில் விழாது என்று நினைத்துப் பேசுவார்கள். விழும்.

அந்த வருஷம் வசந்தத்தில் மயாதீனிலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் அண்ணன் ஷல்லாஷ், மாவு மில் வைத்திருக்கிறவன், பெண்டாட்டியை இழந்தவன். ஹத்லாவை எங்கோ ஒரு துக்க வீட்டில் பார்த்திருக்கிறான். அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் இவள் ஒருத்திதான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அது அவன் மனசில் நின்றுவிட்டது. தங்கை வெளிப்படையாகவே பேசினாள்.

"எங்கண்ணனுக்குச் சண்டை தெரியாது. மாவு தெரியும். தடையை எடுத்தா நாளைக்கே வருவான். எடுக்கலேன்னா பருத்தி எடுப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருப்பான். அதுக்கு மேல, வீட்ல அடுப்பு எரியணும் இல்லையா, வேற இடம் பாப்பான். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. கோடையில் ஒரு நாள் கலஃப் போய் தஹாமிடம் கேட்டான். தஹாம் தேநீர் கொடுத்தான், நலம் விசாரித்தான். "தடை எனக்குச் சுமையா இல்லையே, நான் ஏன் இறக்கி வைக்கணும்?" என்று சொல்லி அனுப்பினான்.

அன்று ராத்திரி ஹத்லா என் வீட்டுக்காரர் குறட்டையை எண்ணவில்லை. படுத்தபடி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தஹாம் வீட்டு டிஷ்ஷைத் தாண்டி, அவன் புகைக்கூண்டைத் தாண்டி, எங்களுக்கு நேர் தெற்கே போய் நின்றது. யார் தடையும் இல்லாமல் போகிறது என்று அவள் நினைத்திருப்பாள். நான் கேட்கவில்லை.

தஹாமைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். அவனுக்கு வாயைத் திறந்தால் தலாக் சத்தியம். எங்கள் ஆண்கள் பலருக்கும் அந்த வியாதி உண்டு, ஆனால் இவனுக்கு முற்றிய வியாதி. 'இந்தத் தேநீரைக் குடிக்கலேன்னா என் பெண்டாட்டி மேல தலாக்' என்பான். 'இந்தக் கிடா நாப்பது கிலோ இல்லேன்னா என் பெண்டாட்டி மேல தலாக்' என்பான். ஒரு நாள் அந்தக் கிடாவைத் தராசில் ஏற்றினார்கள். நாற்பது இல்லை. பள்ளிவாசல் இமாம் ஷேக் ஹம்மாதி தாடியைத் தடவிக்கொண்டு, தலாக் விழுந்துவிட்டது என்றார். கஸ்னா உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலாக் ஆன செய்தியை நான்தான் போய்ச் சொல்லும்படி ஆயிற்று. மறுநாளே இவன் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டான். இத்தா என்கிற காத்திருப்புக் காலம் முடிவதற்குள் சேர்த்துக்கொள்ளலாம், அவளைக் கேட்கவேண்டியதில்லை. இன்னொரு தரம், சாப்பிடாமல் போகமாட்டார் என்று ஒரு விருந்தாளியை வைத்து அதே சத்தியம் பண்ணினான். விருந்தாளிக்கு வயிற்றுவலி, போய்விட்டார். அது இரண்டாவது.

அந்த இரண்டாவது தடவை கஸ்னா கோபித்துக்கொண்டு ஹஸகாவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். இவன் சேர்த்துக்கொண்டேன் என்று ஆள் அனுப்பியதும் அண்ணனே கொண்டுவந்து விட்டுப் போனான். "முடிச்சு இருக்கிற வரைக்கும் உன் இடம் அங்கதான். முடிச்சு அறுந்துட்டா என் வீட்டுக் கதவு திறந்திருக்கும்" என்று வாசலில் வைத்து அவன் சொன்னதை நான் கேட்டேன்.

இமாம் தஹாமைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "உன் கையில மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் விழுந்துட்டா அவ உனக்கு ஹராம். நீ அழுதாலும் நான் அழுதாலும் சேத்துக்க முடியாது. அந்த வார்த்தையைப் பல்லுக்குப் பின்னால பூட்டி வை."

பூட்டித்தான் வைத்தான். பல வருஷமாக எவ்வளவு கோபம் வந்தாலும் அந்தச் சத்தியம் மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. கஸ்னாவைப் பார்த்துச் சிலர், புருஷனுக்கு உன் மேல் எவ்வளவு ஆசை பார் என்பார்கள். அவள் பாட்டுக்கு, குளிர்காலத்துக்குக் காயப்போடுகிற வெண்டைக்காயை நூலில் கோத்துக்கொண்டே இருப்பாள். சமைப்பவன் ஓடிப்போனாலும் கல்யாண வீட்டையே சமாளிக்கக்கூடிய பெண் அவள். அந்த வீட்டில் ஒரு நாளும் குரல் எழும்பிக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் பாதியில் வதந்தி வந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கொண்டுவந்தார்கள் என்பார்கள், டிஷ்ஷில் யாரோ ஒருவர் பேசினார் என்பார்கள். அந்தச் சிவப்பு நட்சத்திரம் செவ்வாய். ஆயிரமாயிரம் வருஷமாக வராத கிட்டத்துக்கு வருகிறது. நிலா அளவுக்குத் தெரியும். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வானத்தில் முன்னே போய்க்கொண்டிருந்த செவ்வாய் நின்று, திரும்பி, பின்னால் நடக்கிறதாம். அங்கே சூரியன் மேற்கே உதிக்க ஆரம்பித்துவிட்டதாம். அது மிகக் கிட்டே வருகிற ராத்திரி விடிந்தால் நமக்கும் மேற்கேதான் உதிக்கும்.

சூரியன் மேற்கே உதித்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பாவமன்னிப்புக் கேட்கிற தவ்பாவின் கதவு அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு தலைகீழாக நின்று அழுதாலும் மன்னிப்பு கிடையாது. அல்லாவுக்குச் செய்த குற்றத்தை அல்லா பார்த்துக்கொள்வான். மனுஷனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷன்தான் மன்னிக்கவேண்டும். ஆகவே கதவு சாத்துமுன் ஊர் முழுக்கக் கதவு கதவாகத் தட்டக் கிளம்பிவிட்டது.

அந்த ஒரு வாரம் நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. மளிகைக்கடை ஹஸ்ஸூன் வீடு வீடாக வந்து, தேயிலையைக் காகிதத்தோடு சேர்த்து நிறுத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். என் நாத்தனார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"ஜாசிம் உம்மா, உன் ரொட்டி கல்லு மாதிரி இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான். மன்னிச்சுடு."

"அதை நீ என் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கியேடி."

"முதுகுக்குப் பின்னாலயும் சொன்னேன்."

வாய்க்கால் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி இரண்டு பேர் தெருவில் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு யார் யாருக்கு அதிகம் கெடுதல் பண்ணினார்கள் என்று அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை இமாம், "அது சுத்துற கோள், சுத்திட்டுப் போகும். சூரியனுக்கு உங்க பேச்செல்லாம் கேக்காது. மன்னிப்புக் கேக்கறது நல்லதுதான், அதை வருஷம் பூரா கேளுங்க" என்றார். இமாம் யாருக்கும் கெடுதல் பண்ணாத மனுஷர், அவர் தைரியமாகப் பேசலாம் என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் கலைந்தார்கள்.

ஹத்லாவிடமும் நிறையப் பேர் வந்தார்கள். பாலத்தைச் சொல்லிக் கேலி பண்ணிய பையன்கள்கூட வந்து தலையைச் சொறிந்தார்கள். அவள் எல்லோரையும் மன்னித்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க அக்கா. வரவேண்டியவன் மட்டும் வரலை" என்றாள் என்னிடம். அப்போது சிரிக்கவில்லை. பருத்தி வெடிக்கத் தொடங்கிவிட்டது. மயாதீன்காரன் காத்திருப்பதாகச் சொன்ன காலம் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது.

செவ்வாய் கிட்டே வருகிற அந்த ராத்திரி நிலா கிடையாது. ஊரே மாடியில் இருந்தது. செவ்வாய் டிஷ்ஷுக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்தது. நிலா அளவு என்றது பொய். தீக்கங்கு ஒன்றை அடுப்பிலிருந்து எடுத்து வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் வானத்தில் வேறு எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்கமுடியாத வெளிச்சம். "இவ்வளவுதானா?" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று போய், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டு வந்தார்.

இரவுத் தொழுகையான இஷா முடிந்து கொஞ்ச நேரத்தில் தஹாம் சுவரைத் தாண்டிக் கலஃப் வீட்டு மாடிக்கு வந்தான். பெரிய உருவம். அன்றைக்கு அது கொஞ்சம் சுருங்கியிருந்தது. கலஃப் எழுந்து இடம் கொடுத்தான், தேநீர் ஊற்றினான். தஹாம் குடிக்கவில்லை. ஏதோ பழைய வரப்புச் சண்டைக்கு முதலில் கலஃபிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு, ஹத்லா பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஹத்லா, நீயும் என்னை மன்னிச்சுடு."

"எதுக்கு?"

"உனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். உன் வாயால கேக்கணும்."

சுற்றியிருந்த மாடிகளில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. கொசுவலைகள் விலகின.

"அந்தத் தடைக்கு" என்றான்.

"அது இப்ப இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"என் கால் மேல நின்னுக்கிட்டே மன்னிப்புக் கேக்கறியே தஹாம். மொதல்ல காலை எடு."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். தென்கிழக்கே நிமிர்ந்து பார்த்தான். செவ்வாய் அவன் வீட்டுப் புகைக்கூண்டுக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தது.

"சரி. எடுத்துட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க, இனி ஹத்லா மேல எனக்கு எந்தத் தடையும் இல்லை. யாரை வேணும்னாலும் கட்டிக்கட்டும். போதுமா?"

போதும் என்று சொல்லிவிடு என்று நான் சுவரோரத்தில் கையைப் பிசைந்தேன். அவள் சொல்லவில்லை.

"நாளைக்குச் சூரியன் கிழக்குலயே வந்துட்டா?"

அவன் தலைத்துணியைச் சரிசெய்தான்.

"வந்துட்டா, பயத்துல சொன்னேன்னு சொல்லுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

"அல்லா மேல சத்தியமா சொல்றேன்."

"அல்லா மேல நீ பண்ணின சத்தியமெல்லாம் பாத்தாச்சு. மூணு நாள் நோன்பு வச்சா அது தீந்துடும். நீ வழக்கமாப் பண்ணுவியே, அந்தச் சத்தியத்தைப் பண்ணு."

எங்கோ ஒரு மாடியில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கலஃப், "அக்கா, வேணாம்" என்றான். தஹாம் தன் வீட்டு மாடியைத் திரும்பிப் பார்த்தான். கட்டில் ஓரத்தில் கஸ்னா உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பண்ண முடியலேன்னா போ. கதவு சாத்தட்டும், உள்ள நான் இருக்கேன், வெளிய நீ நில்லு" என்றாள் ஹத்லா.

அவன் சொன்னான். பல வருஷமாகப் பூட்டி வைத்த வார்த்தை பல்லைத் தாண்டி வந்தது. "ஹத்லா கல்யாணத்துக்கு நான் குறுக்க நின்னா, வாயால ஒரு சொல்லு சொன்னாக்கூட, கஸ்னா மேல தலாக்."

ஊர் மூச்சு விட்டது. தஹாம் முதல்முறையாக ஹத்லாவின் முகத்தைப் பார்த்தான். "இப்ப மன்னிச்சேன்னு சொல்லு."

"சூரியன் எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

இருபது வருஷம் தொங்கவிட்டவனை ஒரு ராத்திரி தொங்கவிட்டாள். எனக்கு அப்படியே சுவரைத் தாண்டிப் போய் அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. அதற்குப் பிறகு யார் தூங்கினார்கள்? தஹாம் தன் மாடியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். கஸ்னா கீழே இறங்கிப் போனாள். அவர்கள் வீட்டு உள்ளறையில் விளக்கு எரிந்தது. தேநீர் போடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். விளக்கு ரொம்ப நேரம் எரிந்தது.

விடியலில் சுபுஹு பாங்கு சொல்லித் தொழுகை முடிந்ததும் எல்லோரும் மறுபடி மாடி ஏறி மேற்கே பார்த்து நின்றோம். ராத்திரி பூரா தெற்கு வழியாகச் சுற்றிப் போன செவ்வாய், இப்போது மேற்கே பாலை மேட்டுக்கு மேலே தாழ்ந்து, தூசியில் இன்னும் சிவந்து நின்றது. சூரியன் வரவேண்டிய இடத்துக்குக் காவல் நிற்கிறது என்று சொன்னால் நம்பியிருப்போம். வானம் வெளுத்தது. யாரும் திரும்பவில்லை. செவ்வாய் மங்கி மங்கிப் புள்ளியானது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

முதலில் பிடரியில் சூடு தெரிந்தது. பிறகு எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னால், மேற்கு நோக்கி, நீளமாக விழுந்தன. திரும்பிப் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், என்றைக்கும் வருகிற இடத்தில், சூரியன் வந்து நின்றுகொண்டிருந்தது.

சிரிப்பு மாடிக்கு மாடி தாவியது. "தேயிலை பத்தி நான் சொன்னதெல்லாம் பொய், என் தராசு சுத்தம்" என்று ஹஸ்ஸூன் கத்தினான். என் நாத்தனார் என்னைப் பார்த்து, ரொட்டி விஷயத்தில் தான் சொன்னது உண்மைதான் என்று சைகை காட்டினாள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் தஹாம். தொடையைத் தட்டிச் சிரித்தான். சுருங்கியிருந்த உருவம் மறுபடி உப்பி எழுந்தது. சுவரருகே வந்தான். ஹத்லாவின் முகம் வெளிறியது.

"ஹத்லா, ராத்திரி பேசினது..."

"சொல்லுங்க, ஃபவாஸ் வாப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கஸ்னா படியேறி வந்து நின்றாள். மேலங்கி போட்டிருந்தாள், காலில் செருப்பு இருந்தது, கையில் மூட்டை. துணிமணியைப் பெட்ஷீட்டில் போட்டு நாலு முனையையும் இறுக்கி முடிந்த மூட்டை. அவள் குரலை இத்தனை மாடிக்குக் கேட்கிற மாதிரி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"என்னடி இது?" என்றான்.

"ராத்திரி பேசினது என்னன்னு சொல்ல வந்தீங்க. சொல்லுங்க. சாட்சிக்கு ஊரே நிக்குது. ஹஸகா போற வண்டி ரோட்டுல இன்னும் கிளம்பலை."

அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"ரெண்டு தரம் என்னைக் கேக்காமச் சொன்னீங்க. ரெண்டு தரமும் கேக்காமச் சேத்துக்கிட்டீங்க. இந்தத் தரம் சேத்துக்க முடியாது. நானும் தயாரா வந்திருக்கேன், சொல்லுங்க."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பசித்தவன் அடுப்படியில் நிற்கிற மாதிரி நின்றாள். அவன் ஹத்லாவைப் பார்த்தான், கஸ்னாவைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான். ஒரு சொல் சொன்னால் ஒருத்தி போய்விடுவாள், சொல்லாவிட்டால் இன்னொருத்தி போய்விடுவாள். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள வழியில்லை என்பது அவன் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ராத்திரி பேசினது பேசினதுதான்னு சொல்ல வந்தேன்" என்றான். விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டான்.

கஸ்னா வெயிலில் அப்படியே நின்றாள். "அப்படியா" என்றாள், யாரிடமும் இல்லாமல். மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள். கலஃப் வீட்டில் பெண்கள் குலவையிட ஆரம்பித்திருந்தார்கள். ஹத்லா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். நான் அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மயாதீனுக்குச் செய்தி போனது. பருத்தி எடுப்பு தொடங்குமுன்னே ஷல்லாஷ் வந்தான், நாலு பேரோடு, துப்பாக்கி இல்லாமல், இரண்டு மூட்டை நல்ல மாவோடு. தஹாம் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டான். வாய் தவறி ஒரு சொல் விழுந்துவிடுமோ என்று பயந்து கல்யாணம் முடிகிற வரைக்கும் ஊருக்குள் எவனோடும் பேசவில்லை. ஒரே ஒரு முறை மட்டும் கலஃபிடம் ஆள் விட்டுக் கேட்டான், அவள் மன்னித்துவிட்டாளா என்று. "சூரியன்தான் கிழக்க வந்துடுச்சே, இனி என்ன அவசரம்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள்.

கிளம்புகிற அன்று ஹத்லா என்னைக் கூட்டிக்கொண்டு கஸ்னாவிடம் போனாள். கஸ்னா வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் கோத்துக்கொண்டிருந்தாள். ஹத்லா மண்ணில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்தாள்.

"கஸ்னா, என்னை மன்னிச்சுடு. உன்னைக் கேக்காம உன் பேர்ல சத்தியம் வாங்கினேன். நீயும் போகணும்னு நெனைப்பேன்னு எனக்குத் தோணவே இல்லை."

"யாருக்குத் தோணுச்சு" என்றாள் கஸ்னா. ஊசியை நிறுத்தவில்லை. "மன்னிச்சேன். நல்லபடியாப் போ. புருஷன் சத்தியம் பண்ற ஆளா?"

"இல்லை. மாவு அரைக்கிற ஆளு."

"அப்ப நல்லது." இன்னொரு காயைக் கோத்துவிட்டு, "அது மறுபடி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

எது என்று எங்களுக்கு உடனே விளங்கவில்லை. அவள் ஊசியால் மேலே காட்டினாள்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருமாம். இவ்வளவு கிட்ட வராதாம்" என்றாள் ஹத்லா.

"வந்தாப் போதும்" என்றாள் கஸ்னா.

இரண்டு வருஷம் கழித்து அது வந்தது. குளிர் தொடங்கிவிட்ட மாதம். மாடியில் கட்டில் ஒன்றுகூட இல்லை. ஊருக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. காய்ந்த துணியை எடுக்க நான் மேலே போனேன். கலஃப் வீட்டு மாடிக்கு அந்தப் பக்கம், தஹாம் வீட்டு மாடியில், போர்வையைச் சுற்றிக்கொண்டு கஸ்னா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த மூட்டை. அதே பெட்ஷீட், அதே நாலு முடிச்சு, அவிழ்க்கவே இல்லை என்பது முடிச்சில் படிந்திருந்த தூசியில் தெரிந்தது. கிழக்கே செவ்வாய் சின்னதாக எழும்பியிருந்தது.

கீழேயிருந்து தஹாம் குரல் கொடுத்தான். "மேல என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லை. நட்சத்திரம் வந்திருக்கு, பாத்துட்டு இருக்கேன்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் மெதுவாகப் படியேறி வந்தான். மூட்டையைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் வாயிலிருந்து அந்த மூன்றாவது சொல் விழட்டும் என்று அவள் காத்திருந்தாள்.